ஊசி போடும் நாளில் நோய் எப்படி நடந்து போகிறது?

மார்கழிக் கடைசியில் ஒரு காலை. ஊர்க் குளத்தங்கரையில் கோமாரித் தடுப்பூசி முகாம். முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். விடிவதற்குள் நாற்பது ஐம்பது உருப்படி சேர்ந்துவிட்டது. மாடு பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். இடது கையால் கொம்பைப் பிடிக்க வேண்டும், வலது கை விரல் இரண்டை மூக்குக்குள் விட்டு இறுக்க வேண்டும். மூக்கைப் பிடித்துவிட்டால் எந்த முரட்டு மாடும் அடங்கிவிடும். ஊசி ஏறியதும் விட்டுவிட்டு அடுத்த மாட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பத்தாவது மாட்டுக்குப் பிறகுதான் என் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை எச்சிலும் கோழையுமாக இருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு பதினோராவது மாட்டின் மூக்கைப் பிடித்தேன். மருத்துவர் மாட்டுக்கு மாடு ஊசியை மாற்றிக்கொண்டே வந்தார். நான்தான் கையை மாற்றவில்லை.

அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. எந்த மாட்டுக்கும் நோய் இருந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அதில் ஒன்றுக்கு இருந்திருந்தால் மீதி மாட்டுக்கெல்லாம் நானே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன்.

இந்தக் கட்டுரை புதிதாக மாடு, ஆடு வளர்க்கத் தொடங்கியவர்களுக்கானது. தடுப்பூசி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை, கட்டாயம் வேண்டும். நம் தாத்தா காலத்தில் கட்டுத்தறி கட்டுத்தறியாக மாடுகளைக் காலி செய்த வெக்கை நோய், 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்ததில் பெரும்பங்கு தடுப்பூசிக்குத்தான். இங்கே பேசப்போவது, அந்த ஊசியைப் போடுகிற அன்றைக்கு நம் கையும் காலும் கயிறும் நோயைப் பரப்பாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதை. கால்நடைத் துறையில் இதற்கு உயிர்ப் பாதுகாப்பு என்று பெயர்.

சாதாரண நாளில் கீழத்தெரு மாடும் மேலத்தெரு மாடும் பக்கத்தில் நிற்பதே அபூர்வம். அது அது தன் கட்டுத்தறியில் நிற்கும், தன் தொட்டியில் தண்ணீர் குடிக்கும். ஊசி நாளில் அப்படியில்லை. ஊர் மாடெல்லாம் ஒரே இடத்தில் கூடும். வீட்டுக்கு வீடு போய்ப் போட்டால், நாலைந்து பேர் அதே கையோடும் அதே செருப்போடும் எல்லாத் தொழுவத்துக்குள்ளும் நுழைந்து வருவார்கள். கிருமிக்கு இதைவிட நல்ல போக்குவரத்து கிடைக்காது.

எச்சில் போகும் வழி

டெல்டாவில் பெரிய பயம் கோமாரிதான். காணை என்றும் சொல்வோம். வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் வரும், எச்சில் நூலாக ஒழுகும், தீனி எடுக்காது, கறவை அப்படியே படுத்துவிடும். 2013-ல் இது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் வந்து போனதைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த வைரஸ் எச்சில், மூச்சு, பால், சாணி, மூத்திரம் எல்லாவற்றிலும் வெளியே வரும். உடம்புக்குள் நுழைந்து நோயாகத் தெரிய 2 முதல் 14 நாள் ஆகும். இதில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாயில் கொப்புளம் கண்ணுக்குத் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மாடு கிருமியை வெளியே விடத் தொடங்கிவிடும். ஆகவே முகாமில் வரிசையில் அசைபோட்டுக்கொண்டு நிற்கிற மாட்டைப் பார்த்து, இது நல்ல மாடுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நம்ம பக்கத்து உம்பளச்சேரி மாதிரி நாட்டு மாடுகளுக்கு இந்த நோய் லேசாகவே வந்து போவதுண்டு. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பல நேரம் தெரியாமலே போய்விடும். பக்கத்துத் தறியில் கட்டியிருக்கும் ஜெர்சிக் கலப்புக்கு அதே கிருமி போனால் கதை வேறு.

அதனால்தான் மூக்கைப் பிடிக்கிற கையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன். கோமாரி பரவுவதற்கு ஊசி முனையைவிட அந்தக் கைதான் சுலபமான வழி. தன் மாட்டைத் தானே பிடிப்பது நல்லது. மாடு வீட்டுக்காரருக்குத்தான் பழகியிருக்கும், மிரளவும் மிரளாது. ஒருவரே எல்லா மாட்டையும் பிடித்துத்தான் ஆக வேண்டுமென்றால், மாட்டுக்கு ஒரு தடவை கையைக் கழுவ வேண்டும். கயிறும் அப்படித்தான். முகாமில் பொதுவாக ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு எல்லா மாட்டுக்கும் முகத்தில் சுற்றிக் கட்டுகிற வழக்கம் உண்டு. இருபது மாட்டு எச்சில் ஊறிய அந்தக் கயிறு இருபத்தோராவது மாட்டின் வாயை ஒட்டித்தான் போகிறது. மாட்டோடு அதன் சொந்தக் கயிற்றையும் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

முகாமுக்கு வந்த இடத்தில் தாகமாக இருக்கிறதே என்று பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டாதீர்கள். வீட்டில் குடிக்கவிட்டு ஓட்டி வாருங்கள்.

வாஷிங் சோடா வாளி

கோமாரி வைரஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. அமில-கார அளவு (pH) 6-க்குக் கீழே போனாலும் 9-க்கு மேலே போனாலும் அது செயலிழந்துவிடும். இதனால்தான் விலை மலிவான வாஷிங் சோடா இதற்கு நல்ல ஆயுதமாகிறது. தேவையான அளவு 4 சதவீதம். அதாவது 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 400 கிராம் தூள். தூளாக இல்லாமல் கற்கண்டு மாதிரிப் படிகமாகக் கிடைத்தால் அதற்குள்ளேயே தண்ணீர் இருப்பதால் 1 கிலோ போட வேண்டும்.

கடையில் சோடா என்று மட்டும் கேட்டால் ஆப்பச் சோடாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க ஒரே வெள்ளைதான், ஆனால் ஆப்பச் சோடாவின் காரம் இந்த வைரஸுக்குப் போதாது. துணிக்குப் போடுகிற சோடா என்று சொல்லிக் கேளுங்கள். அலுமினிய வாளி வேண்டாம், சோடா அதை அரித்துவிடும். பிளாஸ்டிக் வாளி போதும். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தவறு எல்லோரும் செய்வது. ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்த் தெரு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணுக்கால் வரை சேறும் அதில் கலந்த சாணியுமாக வந்து, அப்படியே காலை வாளியில் முக்கி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை மருந்து தொடவே தொடாது. முதலில் வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் சோடாத் தண்ணீர். கயிறு, ரப்பர் செருப்பு மாதிரிப் பொருள்கள் பத்து நிமிடமாவது அதில் ஊற வேண்டும். பைக் சக்கரத்தையும் மறக்கக் கூடாது. வாளித் தண்ணீர் கலங்கிப்போனால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.

எல்லாக் கிருமிக்கும் இந்த ஒரே வாளி போதாது. மாட்டின் தோலெங்கும் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய்க்குச் சோடாவைவிட பிளீச்சிங் கரைசல் பொருத்தம். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) கிருமி மண்ணில் வித்தாக மாறிப் பல ஆண்டு கிடக்கும், அதற்கு இந்த வீட்டு மருந்து எதுவும் பலிக்காது. அடைப்பான் என்று சந்தேகப்பட்டுச் செத்த மாட்டை அறுக்காமல், தோலுரிக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுவதுதான் ஒரே வழி.

ஊசி முனை

இரத்தத்தில் போகிற நோய்களுக்கு ஊசி முனைதான் பாலம். ஒரு மாட்டின் சதைக்குள் போய் வந்த ஊசியில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் ஒட்டியிருந்தாலே போதும். உண்ணியால் பரவும் அனபிளாஸ்மா போன்ற இரத்த நோய்கள் அசுத்த ஊசியாலும் பரவும். 2019-ல் ஒடிசா வழியாக இந்தியாவில் முதன்முதலாகத் தலைகாட்டிய தோல் கழலை நோயை ஈயும் கொசுவும் உண்ணியும்தான் பரப்புகின்றன. அவை செய்கிற வேலை என்ன? ஒரு மாட்டைக் குத்திய வாயோடு இன்னொரு மாட்டைக் குத்துவது. ஒரே ஊசியை மாற்றாமல் போடுகிறவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

மாட்டுக்கு ஒரு ஊசி என்பதுதான் விதி. தனி ஊசி ஒன்றின் விலை ஒரு டீக் காசுகூட இருக்காது. முகாமில் ஊசி பற்றாமல் போகலாம் என்று தோன்றினால் மருத்துவரிடம் எந்த அளவு ஊசி என்று கேட்டு மருந்துக் கடையில் நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பழைய உலோக ஊசிதான் இருக்கிறதென்றால் கொதிக்கிற தண்ணீரில் இருபது நிமிடமாவது கிடக்க வேண்டும். ஸ்பிரிட் பஞ்சில் ஒரு துடைப்பு துடைப்பது கணக்கில் வராது.

மருந்துப் புட்டியும் கவனிக்க வேண்டியதுதான். ஒரு புட்டியில் பல மாட்டுக்கான மருந்து இருக்கும். மாட்டைக் குத்திய ஊசியையே திரும்பப் புட்டிக்குள் விட்டால் மீதி மருந்து முழுக்கக் கெட்டது. புட்டியின் ரப்பர் மூடியில் ஒரு ஊசியை நிரந்தரமாகக் குத்தி வைத்துவிட்டு, மருந்தை அது வழியாக மட்டும் இழுத்து, மாட்டுக்கு வேறு ஊசி பொருத்திப் போடுவார்கள். பார்த்தால் சின்ன வேலை. நல்ல கைக்காரரா இல்லையா என்று நான் இதை வைத்துத்தான் கணக்குப் போடுவேன்.

காதுவில்லை அடிக்கிற கருவியை யாரும் நினைப்பதே இல்லை. பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை மாட்டுகிறார்களே, அந்தக் கருவியின் முள் ஒவ்வொரு காதையும் துளைத்து இரத்தத்தில் நனைந்துதான் வெளியே வருகிறது. அடுத்த காதுக்குப் போகும் முன் அதையும் கிருமிநாசினியில் முக்க வேண்டும்.

போட்ட ஊசிகளை மூடியுள்ள கெட்டி டப்பாவில் சேர்த்து மருந்தகத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வேலியோரம் வீசினால் மழைத் தண்ணீர் அதை வாய்க்காலுக்கும் வயலுக்கும் இழுத்துக்கொண்டு போகும். அங்கே வெறுங்காலோடு நாற்று நடுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்கள்.

முதலில் எந்த வீடு?

வீட்டுக்கு வீடு போய் ஊசி போடுவதுதான் என் கணக்கில் நல்லது. முகாம் வேகமாக முடியும், ஆனால் மாடெல்லாம் மூக்கும் மூக்கும் உரசி நிற்கும். முகாமாகத்தான் நடக்கும் என்றால் தெருத் தெருவாக நேரம் பிரித்துக் கூப்பிடலாம். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம். இரண்டு மாட்டுக்கு இடையில் எட்டாத தூரம் விட்டுக் கட்டலாம்.

வீடு வீடாகப் போகும்போது வரிசை முக்கியம். நோய் இல்லாத, சந்தேகம் இல்லாத தொழுவங்கள் முதலில். போன வாரம் சந்தையில் மாடு பிடித்து வந்த வீடு, மாடு சரியாகத் தீனி எடுக்கவில்லை என்று சொல்லும் வீடு எல்லாம் கடைசியில். பக்கத்து ஊரில் நோய் கிளம்பிவிட்டது என்றால் கணக்கு இன்னும் கண்டிப்பானது. நோய் உள்ள ஊருக்கு நேரே ஓடிப்போய் அங்கே முதலில் போடத்தான் மனம் சொல்லும். செய்ய வேண்டியது தலைகீழ். தூரத்திலிருந்து தொடங்கி, வட்டம் போட்ட மாதிரி உள்நோக்கி வர வேண்டும். தீப்பிடித்த கூரையை விட்டுவிட்டு அடுத்த கூரையை நனைக்கிறோமே, அது மாதிரி. அன்றைக்கு நோயாளி மாட்டைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர் ஊசிக் குழுவோடு வரவே கூடாது.

காய்ச்சல் உள்ள மாட்டுக்கு ஊசி கிடையாது. வாயில் எச்சில் ஒழுக நிற்கிற மாட்டைப் பார்த்தால் அந்தத் தொழுவத்தோடு அன்றைய வேலையை நிறுத்திவிட்டு, கழுவிக்கொண்டு, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் சொல்லலாம். மறைத்து வைப்பதில் லாபமில்லை. தொற்று நோய் என்று சந்தேகம் வந்தாலே மாட்டுக்காரர் தெரிவிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் சட்டமும் சொல்கிறது.

"ஊசிதானே கொண்டாந்துச்சு?"

எங்கள் அத்தை வீட்டுக் கறவைக்கு ஒரு தடவை இப்படி ஆனது. "நல்லாத்தான் தம்பி நின்னுச்சு. ஊசி போட்டுட்டுப் போன நாலாம் நாளு வாயெல்லாம் புண்ணு. ஊசிதானே கொண்டாந்துச்சு? இனிமே ஒருத்தரையும் கொல்லைப் பக்கம் விடமாட்டேன்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணால் பார்த்தது அதுதான்.

நடந்திருக்கக் கூடியது இரண்டில் ஒன்று. ஊசிக்கு முன்பே மாட்டுக்குள் கிருமி இருந்திருக்கலாம். இல்லை, ஊசி போட வந்த அன்று யாருடைய கையிலோ காலிலோ வந்திருக்கலாம். மருந்தால் வந்திருக்க வழியில்லை. கோமாரி ஊசியில் இருக்கும் வைரஸ் செயலிழக்கச் செய்யப்பட்டது. "அத்தை, ஊசி கொண்டு வரல. ஊசியோட வந்தவங்க கொண்டு வந்திருக்கலாம்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி" என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுதான்.

ஊசி போட்ட அன்றே மாட்டுக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பலரும் மறுநாளே தைரியமாகச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த இரண்டு மூன்று வாரமும் மாடு ஊசி போடாத மாடு மாதிரிதான். சந்தை, பொது மேய்ச்சல், புது மாடு சேர்ப்பது எல்லாவற்றையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கிய மாட்டை எப்போதுமே 21 நாள் தனியாகக் கட்டுவது நல்லது. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறையும், போட்ட இடம் தடிக்கும். அது நோயல்ல.

இந்தக் கோமாரி ஊசியை ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஆனால் உறைய விடக் கூடாது. புட்டியை ஐஸ்கட்டிக்கு நேரே ஒட்டி வைத்தால் எண்ணெயும் மருந்தும் பிரிந்து வீணாகிவிடும். வெயிலில் கிடந்தாலும் வீண். வீணான மருந்தைப் போட்டுக்கொண்ட மாடு பாதுகாப்பாக இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருப்போம், அதுதான் இதில் மோசம்.

உயிருள்ள ஊசிகள், ஆடுகள், கோழிகள்

எல்லா ஊசியும் செத்த கிருமி அல்ல. சினை கலைந்துபோகும் கன்று வீச்சு நோய்க்குக் கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும் 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரே ஒரு தடவை போடும் புருசெல்லா ஊசியில் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமி இருக்கிறது. அது மனிதருக்கும் தொற்றும். கன்று உதறி ஊசி நம் கையில் ஏறிவிட்டாலோ கண்ணில் தெறித்தாலோ, விட்டு விட்டு வருகிற காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் படுத்தலாம். போடுகிறவரும் பிடிக்கிறவரும் கையுறை, கண்ணாடி போட வேண்டும். குத்திவிட்டால் கழுவிக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், இன்ன ஊசி என்று சொல்லிவிட வேண்டும்.

ஆட்டுக்கொல்லி நோய்க்குப் போடும் ஊசியும் உயிருள்ளதுதான். இந்தியாவில் இந்த நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு தடுப்பூசி வகையும் இருக்கிறது. உயிருள்ள ஊசி என்பதால் சிரிஞ்சைக் கிருமிநாசினி போட்டுக் கழுவினால் மருந்தே செத்துவிடும். கொதிக்க வைத்து ஆற்றித்தான் எடுக்க வேண்டும். கரைத்த மருந்தைக் குளிர்ச்சியில் வைத்து, சுணங்காமல் போட்டு முடிக்க வேண்டும்.

நம் பக்கத்தில் ஆட்டுக்குத் தனியாக ஒரு காலக்கணக்கு உண்டு. சம்பா அறுத்துத் தரிசு கிடக்கும்போது ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் நூற்றுக்கணக்கில் செம்மறிகளை ஓட்டிவந்து கிடை போடுவார்கள். கிடை போட்ட வயலின் விளைச்சலைப் பார்த்தவர்கள் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் ஊர் ஊராக நடந்து வருகிற மந்தை அது. உள்ளூர் ஆடுகளுக்குக் கிடை வருவதற்கு மூன்று வாரம் முன்பே ஊசி முடிந்திருக்க வேண்டும். கிடை பேசும்போதே கீதாரியிடம் எப்போது ஊசி போட்டீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். மந்தை தண்ணீர் குடிக்கும் குட்டையில் நம் ஆட்டை விட வேண்டாம்.

கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து விடும்போது சொட்டுக் குழாயின் நுனி கண்ணிலோ மூக்கிலோ படக் கூடாது. ஒரு கோழியில் பட்டால் அது ஊர்க் கோழிக்கெல்லாம் போகும். பிடித்துக் கொண்டுவரும் கூடையையும் கழுவி வெயிலில் காயவிட வேண்டும்.

மழைக்கு முன்னால் போட வேண்டிய தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஊசிகளுக்கும் கை, கயிறு, ஊசிக் கணக்கு இதேதான். இவற்றைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். சேற்றில் அலைந்துகொண்டு போடுகிற ஊசியில் மேலே சொன்ன எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

இப்போதெல்லாம் முகாம் நாளில் என் மாட்டுக்குத்தான் முதல் ஊசி. ஓட்டிக்கொண்டு வந்து கட்டிவிட்டு, பிறகுதான் மற்றவர்களுக்கு மாடு பிடிக்கப் போகிறேன். ஒரு வாளி சோடாத் தண்ணீர் கூடவே வரும். முடிந்ததும் குளத்தில் இறங்குவதில்லை, அங்கேதான் ஊர் மாடெல்லாம் தண்ணீர் குடிக்கிறது. வீட்டுக் கொல்லையில் அடிபம்பில் குளித்து, வேட்டியை ஊறப்போட்டு, மறுநாள் காலைவரை தொழுவத்துக்குள் போவதில்லை. சாயங்காலப் பால் கறப்பதும் தவிடு வைப்பதும் அன்றைக்கு வீட்டுக்காரி பொறுப்பு. நாலு மாதம் முடிந்த கன்றுக்குட்டிக்கு முதல் ஊசி போட்டால் ஒரு மாதத்தில் இரண்டாவது ஊசி உண்டு, அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று. எங்கள் கன்றின் இரண்டாவது ஊசிக்குத் தொழுவத்துத் தூணில் கரித்துண்டால் தேதி எழுதி வைத்திருக்கிறேன், தை 27.